சாவடிக் கேள்விகள்

புந்தா அரேனாஸில் காற்று மிஞ்சும் நாள்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுகிறார்கள்.
அதைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார்
ரொசாமெல் ஓயார்சூன்,
மேல்கோட்டுக்குள் மடிக்கணினியை
நனைந்த கோழிபோல் அணைத்துக்கொண்டு.

"இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறது.
விசிறி இரைகிறது. நான் தொடவேயில்லை.
உள்ளே யாரோ இருக்கிறார்கள்."

யெர்கா பட்டியலைத் திறந்தாள்.
ஓடிக்கொண்டிருப்பவை நூற்று நாற்பது.
நடுவில் ஒன்று,
அவர் படம் பார்க்கும் மீடியா பிளேயரின் பெயரோடு,
பிளேயர் மூடிக் கிடக்க
நினைவகத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தது.

அவர் முப்பத்தோரு வருடம்
எல்லைச் சாவடியில் பெட்டி திறந்தவர்.
ஆப்பிள், பாலாடைக்கட்டி, வேரில் மண் ஒட்டிய செடி
எதுவும் தன்னைத் தாண்டிச் சிலிக்குள் நுழைந்ததில்லை
என்று சொல்லிக்கொள்வார்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
கேள்விகள் அவருடையவை,
விரல்கள் அவளுடையவை.

பெயர்?
எழுத்தெழுத்தாகப் படித்தாள்.
திருட்டு நிரல்கள் ஒற்றை எழுத்தில் வேடம் கட்டும்,
நம் துணைக்கால் நிற்க வேண்டிய இடத்தில்
ரகரம் வந்து நிற்பதுபோல.
இதில் எல்லாம் அதனதன் இடத்தில்.

ஊர்?
வலது சொடுக்கில் முகவரி வந்தது.
நிரல்கள் குடியிருக்கும் முறையான கோப்புறை.
தற்காலிகக் குப்பைக்குள் ஒளிந்திருந்தால்
அப்போதே கழுத்தைப் பிடித்திருப்பாள்.

முத்திரை?
தயாரித்த நிறுவனத்தின் கையொப்பம்.
காலாவதியாகவில்லை.

வெளியே யாரோடு பேசுகிறாய்?
இதைக் கேட்கும்போது அவர் குரல் தாழ்ந்தது,
பழைய சீருடைக்குள் போனது போல.
யாரோடும் இல்லை.
ஒரு பைட் கூட வாசல் தாண்டவில்லை.

"அப்படியானால் நல்லவன்."
"நல்லவன் என்று நான் சொல்லவில்லை.
சொன்ன பெயர் உண்மை, அவ்வளவுதான்.
கையொப்பம் யாருடைய ஆள் என்று சொல்லும்,
மூன்று மணிக்கு என்ன வேலை என்று சொல்லாது."

பதிவேட்டைத் தோண்டினாள்.
இரவுதோறும் ஒரே வரி:
ஈ டிரைவைத் தேடினேன், இல்லை.
ஈ டிரைவைத் தேடினேன், இல்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு இரவுகள்.
படங்களை அட்டவணை போட வைத்த வேலையாள்
சொல்லுக்குச் சொல்
ஈ ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

தகரக்கூரை ஒருமுறை எழும்பி உட்கார்ந்தது.
"அந்த டிரைவை மகன் கொண்டுபோனான்,
அன்டோஃபகாஸ்டாவுக்கு.
எல்லாம் குதிரைப் படங்கள்" என்றார்.

பிறகு, கேட்காமலே:
"சாவடியில் ஒரு நாய் இருந்தது, சிஸ்பா.
அது உட்கார்ந்தால் உள்ளே சரக்கு என்று பொருள்.
ஒரு நாள் ஒரு பெண்ணின் காலிப்பை முன் உட்கார்ந்தது.
தையல் பிரித்தோம். ஒன்றுமில்லை.
பேருந்து முழுக்க எங்களைத் திட்டியது.
அந்தப் பெண்தான் மெல்ல யோசித்துச் சொன்னாள்,
போன கோடையில் இதில் ஹாம் கொண்டுபோனேன் என்று.
அதிகாரி நாயை அதட்டினார்.
நான் அதட்டவில்லை."

யெர்காவின் விரல் விசைமேல் நின்றது.
"பட்டியலிலிருந்து ஈயை எடுத்துவிடவா?
விட்டு வைத்தாலும் கெடுதலில்லை."

"எடுத்துவிடு.
எனக்குத் தூக்கம் வேண்டும்."

நாலாயிரம் பெசோ.
போனவர் ஒரு கையுறைக்காகத் திரும்பி வந்தார்,
நிரலைப் பற்றிக் கேட்கவில்லை.

கடையைப் பூட்டுமுன்
யெர்கா தன் கணினியின் பட்டியலைத் திறந்தாள்.
நூற்று எண்பத்தாறு.
முதல் பத்துப் பெயர்களை
எழுத்தெழுத்தாகப் படித்தாள்.
பதினொன்றாவதில்
கடைசிப் பேருந்து வந்துவிட்டது.